பெரியவரின் டப்பா

அன்றைக்கு அந்தச் சமையலறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாதவர்களெல்லாம் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இருந்தவர்கள் ஆறு பேர். சாப்பாட்டுக் கடையின் சொந்தக்காரரான பெரியவர். அவருடைய தம்பி, அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் சின்னவர். கல்லாவில் உட்காரும் மருமகள். கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவும் பெண். சாப்பிட வருகிறவர்கள் வயது வித்தியாசம் பார்க்காமல் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பொட்டலம் வாங்க வந்து, வேடிக்கை பார்க்க நின்றுவிட்ட பக்கத்துக் கடைத் தையல்காரர். ஆறாவது ஆள் சுகாதார இன்ஸ்பெக்டர். அவர் கையில் ஒரு துணிப்பை. பைக்குள் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள் நான்கு. பெரியவரின் மகன் அங்கே இல்லை. அவன் பஸ் ஓட்டப் போயிருந்தான்.

மழை பிடித்துக்கொண்ட மாதம். மூன்று நாளாகச் சுவர்கள் காயவில்லை. விறகு புகைந்தது.

"பதினோரு பேருக்கு டைஃபாய்டு. பதினோரு பேரும் இங்க சாப்பிட்டவங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "தண்ணித் தொட்டியப் பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு. இனி ஆளுங்களத்தான் பார்க்கணும். ஆளுக்கொரு டப்பா. நாளைக்குக் காலையில போனதும் கொஞ்சம் எடுத்து, பேரெழுதிக் கொடுத்துடுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் அடுப்பு எரியக் கூடாது."

"எங்க போனதும்?" என்றார் பெரியவர். அவருக்குப் புரிந்துதான் இருந்தது.

"வெளிக்குப் போறதச் சொல்றார் அண்ணே," என்று தையல்காரர் எடுத்துக்கொடுத்தார். "நான் வேணா அளவெடுத்துத் தரட்டுமா?"

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் சிரிக்கவில்லை.

"இன்ஸ்பெக்டர் தம்பி, நாற்பது வருஷமா இந்தத் தெருவுக்குச் சோறு போடுறேன். எங்க குடும்பத்துல எவனும் இதுவரைக்கும் டப்பாவுல போட்டு ஆபீசுக்குக் கொடுத்தனுப்பினதில்ல."

"இதுல கௌரவம் ஒண்ணும் குறையாது ஐயா. யார் உடம்புல கிருமி இருக்குன்னு மூஞ்சியப் பார்த்துச் சொல்ல முடியாது. நல்லாத் தின்னு நல்லாத் தூங்குற ஆள் உள்ளயும் இருக்கும்."

"என் சமையலறையப் பாருங்க. எறும்பு வராது."

அது உண்மை. அந்தச் சமையலறையின் சுத்தம் தெருவுக்கே தெரியும். தரையை ஒரு நாளைக்கு நான்கு தடவை கழுவித் தள்ளுவார்கள். உள்ளே நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலை ஒட்டி வைத்த வெந்நீர் அண்டாவில் கையை முக்கிக் கழுவிவிட்டுத்தான் வரவேண்டும். ஆனால் சோப்பு கூடாது. சோப்பு வாசனை சோற்றில் ஏறிவிடும் என்பது பெரியவரின் தீர்மானம். சோப்பும் பாத்திரப் பொடியும் கொல்லைப்புறத்தோடு சரி. இன்னொரு வழக்கமும் உண்டு. அந்தக் கடையில் உப்பு போடுவது குடும்பத்தின் மூத்த கை. கரண்டி கிடையாது, கையால் அள்ளிப் போடுவதுதான். அடுப்பிலிருந்து இறக்கி ஆறிய பிறகுதான் உப்பு சரி பார்ப்பார்கள். சாப்பாட்டோடு வைக்கிற வெட்டிய வெள்ளரி, வெங்காயம், தக்காளி, இவற்றை உப்பும் எலுமிச்சையும் விட்டுப் பிசிறி வைப்பதும் அதே கைதான். முன்பு அது பெரியவரின் மனைவியுடைய வேலை. போன வருடம் அவள் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் அந்த வேலையைப் பெரியவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் போனபின் பெரியவர் தம்பியைக் கொல்லைப்புறம் கூப்பிட்டார். தன் டப்பாவை அவர் கையில் வைத்தார்.

"ரெண்டையும் நீயே நிரப்பிடு."

"அண்ணே..."

"நமக்குள்ள என்னடா வித்தியாசம்? ஒரே வயித்துல பொறந்தோம், ஒரே அடுப்புல சாப்பிடுறோம். உனக்கு இருந்தா எனக்கும் இருக்கும். உனக்கு இல்லேன்னா எனக்கும் இல்ல."

அண்ணன் சொன்னால் தம்பி செய்வார். ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம் அது. சின்னவர் இரண்டு டப்பாவையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து நான்கு பேருக்கும் ஒன்றுமில்லை என்று தாள் வந்தது. ஒரு தடவை இல்லையென்று வந்தால் போதாது, மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுத்தான் போனார். அது யார் காதிலும் விழவில்லை. அடுப்பு எரிந்தது. ஆனால் ஆட்கள் வரவில்லை. வழக்கமாக அறுபது இலை விழுகிற மதியத்தில் பதினைந்து விழுந்தது. வந்தவர்களும் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் குடித்தார்கள்.

"எல்லாம் அந்த அக்காவாலதான்னு பேசிக்கிறாங்க மாமா," என்றாள் மருமகள். "அவங்க தங்கச்சி பிள்ளைக்கு அந்தக் காய்ச்சல் வந்துச்சாம். அந்த வீட்டுலருந்துதான நேரா இங்க வர்றாங்க."

"தாள்ல இல்லேன்னு போட்டிருக்கே."

"தாளை யார் படிக்கப் போறாங்க? ஜனங்களுக்கு ஒரு ஆளக் காட்டணும். இல்லேன்னா நம்மளத்தான் காட்டுவாங்க."

பெரியவர் அன்று முழுக்க யோசித்தார். மறுநாள் மதியம், பந்தியில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது, கொல்லைப்புறம் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையோடு வந்து நின்றாள். ஒன்பது வருடமாக அந்தக் கடையின் தட்டும் டம்ளரும் அவள் கையில்தான் வெளுத்தன.

"ஏம்மா, நாளையிலருந்து நீ வரவேண்டாம். கடைப் பேரு எனக்கு முக்கியம்."

"நான் என்ன பண்ணேன் அண்ணே?"

"பண்ணலேன்னா நல்லதுதான். போ."

அவள் ஒரு நிமிடம் பந்தியைப் பார்த்தாள். எல்லோரும் இலையைப் பார்த்தார்கள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே நடந்து போனாள். அவள் அந்த வழியாக அதற்கு முன் போனதில்லை. அடுத்த வாரம் அறுபது இலை விழுந்தது.

ஒன்றரை மாதம் போனது. மழை விட்டு, வெயில் வந்து, சுவரெல்லாம் காய்ந்துவிட்டது. அப்போது மறுபடியும் மூன்று பேர் படுத்தார்கள். அதில் ஒருவர் தையல்காரர். முதல் வாரம் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டே தைத்தார். இரண்டாவது வாரம் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது, அந்த மனிதர் பேசுவதற்கே கூலி கேட்பவர் போலக் கிடந்தார். நாக்கு வெளுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அண்ணே, நான் உங்க கடையத் தவிர வேற எங்கயும் பச்சத் தண்ணிகூடக் குடிக்கல," என்றார். "என் பொண்டாட்டி மேல சத்தியம். அவ கையாலகூடக் குடிக்கல."

அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

பெரியவர் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தார். அக்காவை அனுப்பி ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் கணக்கை வழியெல்லாம் போட்டுப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் உதைத்தது.

இன்ஸ்பெக்டர் கடையை மூடச் சொல்லிவிட்டு, மறுபடியும் டப்பா கொடுத்தார். இந்தத் தடவை ஆய்வகத்திற்கே நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றார். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு டப்பாவோடு போனார்கள். இரண்டும் சின்னவர் நிரப்பியவைதான். போன தடவை ஒன்றுமில்லை என்று வந்தது, அதையே செய்வோம் என்று பெரியவர் சொல்லிவிட்டார்.

ஆய்வகம் என்றால் பெரிய கட்டடமில்லை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இரண்டு அறை. ஒன்றில் அலமாரி மாதிரி ஒரு வெதுவெதுப்புப் பெட்டி, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி. வேலை பார்ப்பது ஒரே ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். காய்ச்சல் காலம் தொடங்கியதிலிருந்து அவளுக்கு விடுப்பில்லை. இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, டப்பாவைத் திறந்து பார்த்தாள். அப்புறம் ஒரு நோட்டை எடுத்துப் பின்னால் புரட்டினாள்.

"போன தடவை ரெண்டு பேரோடதும் கறுப்புன்னு எழுதி வச்சிருக்கேன். இன்னைக்கும் ரெண்டும் கறுப்பு. ரெண்டு பேருமே இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறீங்களா? அதுலதான் இப்படிக் கறுக்கும்."

"நானா?" பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அறுபத்தாறு வயசாச்சும்மா. இன்னைக்கு வரைக்கும் ஒரு மாத்திரை தொட்டதில்ல. இவன்தான் ரத்தம் பத்தலேன்னு ஆறு மாசமா முழுங்குறான். எங்கப்பா உடம்பு எனக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அந்தப் பெண் இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணே," என்றார் சின்னவர். தரையைப் பார்த்துத்தான் பேசினார். "என்னால முடியல அண்ணே. அந்தத் தையல்காரன் மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குது. நீங்க என்ன சொன்னாலும் செய்வேன். இது மட்டும் இனிமே செய்ய மாட்டேன்."

பெரியவர் தம்பியை அடித்தது கிடையாது. அன்று கை ஓங்கவில்லை. ஆனால் தம்பியின் முகத்தை அவர் பார்க்கவுமில்லை.

அந்தப் பெண் புது டப்பா ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"திட்ட மாட்டேன் ஐயா. திட்டுறதுக்குத் தெம்பு இல்ல. நாளைக்குக் காலையில இங்க வந்து கொடுங்க. பின்னாடி கழிப்பறை இருக்கு."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெரியவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தனியாகப் போனார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி தலை வாரியிருந்தார். அந்தக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் டப்பாவோடு, அறுபத்தாறு வயதில், தண்ணீர் சொட்டும் குழாயின் கீழே உட்கார்ந்திருந்தார். அதை அவர் பிற்பாடு தம்பியிடம் மட்டும் ஒரு தடவை சொன்னார்.

டப்பாவைக் கொடுக்கும்போது அவள் அடுப்பில் ஏதோ காய்ச்சிக்கொண்டிருந்தாள். செம்பழுப்பு நிறத்தில் கூழ் மாதிரி கொதித்தது.

"இது என்ன?"

"கிருமிக்குச் சாப்பாடு. பாக்டீரியா தானா வளரும், சாப்பாடு போட்டாப் போதும். சர்க்கரை, உப்பு, பித்த உப்பு, கெட்டியாகுறதுக்குக் கடல்பாசி. வைரஸா இருந்தா இந்தப் பப்பு வேகாது. அதுக்கு உசுருள்ள உடம்பு வேணும், வெறும் தட்டுல வளராது."

"பித்தம் எதுக்கு?"

"குடல்ல இருக்குற சாதாரணக் கிருமியில பாதிக்கு மேல பித்தத்துல தாங்காது. டைஃபாய்டு கிருமி தாங்கும். அதுக்குப் பித்தப்பைதான் சொந்த வீடு மாதிரி."

அவள் கூழை இறக்கி, சூடு ஆறும் வரை பொறுத்து, வட்டத் தட்டுகளில் ஒரே அளவாக ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. ஒரு குமிழி விழவில்லை. பெரியவர் சமையல்காரர், கை வேலை தெரிந்த கையைப் பார்த்தால் அவருக்குத் தெரியும். மனசுக்குள் ஒரு மரியாதை வந்தது. வேலை முடிந்ததும் அவள் குழாயடிக்குப் போய், சோப்பை நுரைக்க நுரைக்கத் தேய்த்து, விரல் இடுக்கு, நகக்கண் என்று விடாமல் கழுவினாள். அவர் அதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் கூப்பிட்டனுப்பினாள். தட்டைக் கையில் கொடுக்கவில்லை, விளக்குக்குக் கீழே பிடித்துக் காட்டினாள். சிவந்த பரப்பில் சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் மை தொட்டு வைத்த மாதிரி கறுப்புப் புள்ளி.

"வேற சோதனையும் பண்ணிட்டேன். சந்தேகமில்ல ஐயா."

"எனக்குக் காய்ச்சலே இல்லையேம்மா."

"எப்பவாவது வந்திருக்கா?"

அவர் யோசித்தார். வந்திருந்தது. கல்யாணமான நாலாவது வருடம். இருபத்தோரு நாள் கிடந்து எழுந்தார். முடியெல்லாம் கொட்டி முளைத்தது.

"அன்னைக்கு நீங்க பொழச்சீங்க. கிருமியும் பொழச்சுக்கிச்சு. பித்தப்பையில கல்லு இருக்கும், ஸ்கேன்ல தெரிஞ்சுடும். அந்தக் கல்லு மேல ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். உங்கள ஒண்ணும் பண்ணாது. சில நாள் வெளிய வரும், சில நாள் வராது. அதனாலதான் ஒரு தடவை பார்த்தாப் பத்தாது, மூணு தடவை பார்ப்போம்."

"வெந்நீர்ல கை கழுவுறேனே."

"கை தாங்குற வெந்நீர்ல கிருமியும் தாங்கும். ஒரே அண்டாவுல எல்லாரும் கைய முக்குனா, ஒருத்தர் கையில இருக்குறது எல்லார் கைக்கும் வரும். கொதிக்கிற குழம்புல விழுந்தா செத்துடும். ஆறினதுலயும் பச்சக் காயிலயும் விழுந்தாத்தான் ஆபத்து. உங்க கடையில அத யார் தொடுறது?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார்.

"பாத்திரம் கழுவுற அம்மாவ அனுப்பிட்டீங்களாம்," என்றாள் அவள், நோட்டில் எழுதிக்கொண்டே. "நாள் பூரா சோப்புத் தண்ணியில கை. உங்க கடையிலயே சுத்தமான கை அவங்களோடதுதான்."

பெரியவர் எழுந்தவர், கதவருகே நின்றார். "என் வீட்டுக்காரிக்கு ரெண்டு தடவை அந்தக் காய்ச்சல் வந்துச்சு. பத்து வருஷம் இருக்கும். அது..."

"தெரியல ஐயா. இப்ப சொல்ல முடியாது."

அவள் பொய் சொல்லித் தேற்றவில்லை. அதற்காகப் பின்னாளில் அவர் அவளை மதித்தார். அன்று வலித்தது.

இன்ஸ்பெக்டர் நியாயமான மனிதர். வீட்டுக்கு வந்து, மெதுவான குரலில் சொன்னார். நான்கு வாரம் மாத்திரை. பிறகு பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது. மூன்று தடவை சுத்தம் என்று வரும் வரை பெரியவர் எந்த உணவையும் தொடக் கூடாது. சமையலறைக்குள் குழாயும் சோப்பும் வைக்க வேண்டும். மற்றபடி கடையைத் திறக்கலாம். யாரிடமிருந்து வந்தது என்பதை ஆபீசிலிருந்து வெளியே சொல்ல மாட்டார்கள்.

அவர் போனதும் மருமகள் கதவைச் சாத்தினாள்.

"நல்லதாப் போச்சு மாமா. யாருக்கும் தெரிய வேண்டாம். உடம்புக்கு முடியல, ஓய்வு எடுக்குறார்னு சொல்லிக்கலாம்."

"பாத்திரம் கழுவுற அந்தப் பொண்ணு?"

"அவங்களுக்குக் கொஞ்சம் ஏதாவது கொடுத்தனுப்பலாம். குடும்ப மானம் போனா திரும்பி வருமா மாமா? நீங்கதான சொல்வீங்க."

"நான்தான் சொன்னேன்," என்றார் பெரியவர். பெட்டியைத் திறந்து வேறு சட்டை எடுத்தார்.

அக்காவின் வீடு சந்துக்குள் ஒற்றை அறை. அவள் வாசலில் உட்கார்ந்து கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக எந்த வீட்டிலும் எந்தக் கடையிலும் அவளைப் பாத்திரம் தொட விடவில்லை. சாக்குக்குக் கிருமி பயம் கிடையாது. அவரைப் பார்த்ததும் எழுந்தாள். வழக்கமாக உட்காரச் சொல்கிறவள். அன்று சொல்லவில்லை.

"ஏம்மா, நாளையிலருந்து வேலைக்கு வா."

"என்ன திடீர்னு?"

அவர் சந்தின் இரு பக்கமும் பார்த்தார். "அது உன்கிட்டருந்து வரல. என்கிட்டருந்துதான் வந்திருக்கு. லேப்ல பார்த்துட்டாங்க."

அவள் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தாள்.

"என் தங்கச்சி என்னை வீட்டுக்கு வராதேன்னுட்டா. தெரியுமா அண்ணே? பிள்ளைக்கு நான்தான் கொடுத்தேனாம். கடையிலருந்து கேள்விப்பட்டாளாம்."

"தப்புதான்."

"இத ஏன் இவ்வளவு மெதுவாச் சொல்றீங்க?"

அவர் மறுபடியும் சந்து முனையைப் பார்த்தார்.

"போன்னு சொன்னப்ப இருபது பேர் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. நான் எண்ணினேன். வான்னு சொல்றது மட்டும் சந்துலயா? எனக்கு உங்க வேலை வேணும் அண்ணே. பொய் சொல்லல, சாக்கு தைச்சு வயிறு நிறையல. ஆனா இப்படி வர மாட்டேன்."

திரும்பி வரும்போது பெரியவர் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். மறுநாள் குழாய் போடும் ஆளை வரச்சொல்லி, வெந்நீர் அண்டா இருந்த இடத்தில் குழாய் போடவைத்தார். சோப்பைத் தானே கடையில் வாங்கிவந்து வைத்தார். உப்பு ஜாடியைத் தம்பி பக்கம் தள்ளி, அதற்குள் ஒரு கரண்டி போட்டார்.

"எவ்வளவு போடணும்னு எனக்குத் தெரியாதே அண்ணே," என்றார் சின்னவர்.

"நாக்கு இருக்குல்ல? தனியா ஒரு கிண்ணத்துல ஊத்திப் பார்த்துப் போடு. என் வாயப் பார்த்துக்கிட்டே நிக்காத."

கடை திறந்த அன்று மதியம், பந்தி நிறைந்த பிறகு, பெரியவர் உள்ளே வந்து நடுவில் நின்றார். தையல்காரர் அன்றுதான் கஞ்சியிலிருந்து சோற்றுக்கு வந்திருந்தார். கடைசி இலையில் உட்கார்ந்திருந்தார். சின்னவர் கரண்டியோடு வாசற்படியில் நின்றார். மருமகள் கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டாள். ஆள் அனுப்பி வரவழைத்திருந்த அக்கா முன்வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"சாப்பிடுங்க, நிறுத்த வேண்டாம்," என்று பெரியவர் தொடங்கினார். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். "இந்தக் கடையிலருந்துதான் உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சு. தண்ணியிலருந்து இல்ல. இந்த அம்மாகிட்டருந்து இல்ல. இவங்க உடம்புல ஒண்ணும் கிடையாது. என் உடம்புல இருந்துச்சு. டப்பா கொடுக்கச் சொன்னப்ப என்னோடதுன்னு என் தம்பியோடதக் கொடுத்தேன். அதனால இன்னும் மூணு பேர் படுத்தீங்க. எல்லாருக்கும் முன்னாடி இவங்கள அனுப்பினேன். எல்லாருக்கும் முன்னாடி வரச்சொல்றேன்."

மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. அந்த வார்த்தை அந்தக் குடும்பத்தில் பழக்கமில்லை.

இரண்டு பேர் இலையை மூடிவிட்டு எழுந்து போனார்கள். மற்றவர்கள் இலையைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் இருந்தார்கள்.

"உப்பு கம்மியா இருக்கு," என்றார் தையல்காரர், பொதுவாக.

"இருக்கட்டும்," என்றார் பெரியவர்.

அக்கா உள்ளே வந்தாள். பந்தியின் நடுவே நடந்து, எழுந்து போனவர்களின் இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். சற்று நேரத்தில் அங்கே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஆட்கள் ஒரு வருடம் வரை பழையபடி வரவில்லை. பித்தப்பையை எடுத்தார்கள். மூன்று தடவை சுத்தம் என்று வந்தபின்னும் பெரியவர் சமையலறைக்குள் போகவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. நோய் பாத்திரம் கழுவும் அக்காவிடமிருந்துதான் வந்ததாம். ஏழைப்பட்டவள் பிழைப்பு கெடக் கூடாது என்று பெரியவர் பெருந்தன்மையாகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாராம். குடும்பத்தில் சிலருக்கு இதைக் கேட்கச் சந்தோஷமாகக்கூட இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கிருமி பெரியவருடையது.